கைரேகை எங்கே போயிற்று?

உங்களில் பலர் வீட்டுக்காக நியாய விலைக் கடைக்குப் போயிருப்பீர்கள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பீர்கள். முறை வந்ததும் விற்பனையாளர் நீட்டும் சிறு கருவியின் கண்ணாடியில் விரலை அழுத்தியிருப்பீர்கள். கருவி 'சரி' என்றால் அரிசி. 'இல்லை' என்றால்?

சென்ற ஐப்பசியில், தாளடி நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே நின்றது. தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் கடை. எனக்கு முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வயலிலிருந்து நேராக வந்திருந்தார். கால்களைக் கழுவியிருந்தும் கணுக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வலது கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. இடது கட்டைவிரல், அதுவும் இல்லை. முந்தானையில் அழுந்தத் துடைத்துவிட்டு வைத்தார், இல்லை.

"பெரியம்மா, விரலைத் தலையில லேசாத் தேய்ச்சிட்டு வைங்க" என்றார் விற்பனையாளர். பொறுமைசாலி. தேய்த்து வைத்தும் பயனில்லை. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நாத்துப் பறிச்ச கைங்க. ரேகையெல்லாம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியல" என்றார். அன்று வெறும் பையுடன்தான் போனார்.

அவர் கேட்டது அசல் இயற்பியல் கேள்வி. அதற்கு விடை காண்பதுதான் இக்கட்டுரை.

முதலில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றும் கல்லூரியில் வருகைப் பதிவுக்கு இதே போன்ற கருவி உண்டு. காலையில் என் விரலை உடனே ஏற்றுக்கொள்ளும். மூன்று வகுப்புகள் எடுத்து, கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூளாக மாலையில் வந்தால் 'யார் நீ?' என்பதுபோல் விழிக்கும்! ஒரு காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்தார்கள். இன்று பேராசிரியரும் கைநாட்டுத்தான். ஆனால் எனக்கு மறுத்தால் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த அம்மாவுக்கு மறுத்தால் போவது அந்த மாதத்து அரிசி.

ஒரு தம்ளர் தண்ணீர்

கருவிக்குள் நடப்பதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். எவர்சில்வர் தம்ளர் உதவாது. ஒரு கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து நீர்ப்பரப்பின் வழியாகத் தம்ளரின் உட்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளிபோல் பளபளக்கும்; அதற்கு அப்பால் உள்ள விரல்கள் தெரியா. இப்போது விரலை ஈரமாக்கி, அழுத்திப் பிடியுங்கள். பளபளப்புக்கு நடுவே உங்கள் விரல் ரேகைகள் வரிவரியாகத் தெளிவாய்த் தெரியும்! விரலை நன்றாக உலர்த்திவிட்டு மறுபடியும் பாருங்கள். ரேகைகள் மங்கி, துண்டு துண்டாகத் தெரியும்.

காரணத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: முழு அக எதிரொளிப்பு. அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்குச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தை விடச் சாய்வாக விழுந்தால் வெளியேறாது. கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடிக்கு வெளியே காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. வெளியே காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால் அது 62 பாகைக்கு மேல் போய்விடுகிறது.

கைரேகைக் கருவிகளில் பரவலாக உள்ள ஒளியியல் வகையில் ஒரு சிறு கண்ணாடி முப்பட்டகம் இருக்கிறது. நீங்கள் விரல் வைப்பது அதன் ஒரு முகத்தில். உள்ளிருந்து ஒரு சிறு விளக்கின் ஒளி அம்முகத்தில் சுமார் 45 பாகையில் விழுகிறது. ரேகை மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் காற்று இருக்கிறது. 45 என்பது 42-ஐ விட அதிகம். ஆகவே ஒளி முழுவதும் திரும்பிக் கேமராவுக்குப் போகிறது. பள்ளம் வெளிச்சமாகத் தெரிகிறது. மேடுகளில் இலேசான வியர்வையுடன் கூடிய தோல் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 45 பாகை போதாது. ஒளி தோலுக்குள் கசிந்துவிடுகிறது. மேடு கறுப்பாகத் தெரிகிறது. இப்படிக் கறுப்பும் வெளுப்புமாக ஒரு படம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கருவி மில்லிமீட்டருக்குச் சுமார் 20 புள்ளிகளைப் பதிவு செய்வதால் இந்த வரிகளைத் தாராளமாகப் பிரித்தறிய முடிகிறது.

'ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்றேன் அல்லவா? அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளியின் அலைநீள அளவுக்கு இடைவெளி விழுந்தாலே போதும். ஒளி வெளியேறாமல் திரும்பிவிடும். சிவப்பு ஒளிக்கு அது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1500-இல் ஒரு பங்கு! என் விரலில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூளின் ஒவ்வொரு துகளும் அதைவிடப் பெரியது. மேடு கண்ணாடியைத் தொடவே இல்லை. தொட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். கை முழுக்க ஈரமாக இருந்தாலோ எதிர்மாறான சங்கடம்: பள்ளங்களிலும் தண்ணீர் நிரம்பி, படம் ஒரே கறுப்பாகிவிடும். விற்பனையாளர் தலையில் தேய்க்கச் சொன்னது மூடப் பழக்கமன்று. தலையின் எண்ணெய்ப்பசை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புகிறது. அவர் இயற்பியல் படித்தவரா என்று கேட்கவில்லை. ஆனால் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்.

சேற்றில் கரையும் மேடு

எண்ணெய்ப்பசையும் உதவவில்லை என்றால், மேடே இல்லை என்றுதான் பொருள். அது எப்படிப் போயிற்று?

நாற்றங்காலில் நாற்றுப் பறிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கணுக்கால் அளவு நீரில் குனிந்து நின்று, பிடி பிடியாகப் பறித்து, வேரிலுள்ள சேற்றை அலசி, காலில் தட்டி, முடியாகக் கட்டிப் போடுவார்கள். பிறகு நடவு. ஒவ்வொரு குத்துக்கும் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் சேற்றுக்குள் இறங்கி ஏறுகின்றன. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை. அதே மூன்று விரல்கள்!

சேற்றில் இருப்பது வெறும் களிமண் அன்று, நுண்மணலும் உண்டு. மணல் என்பது சிலிக்கா. நெற்பயிரும் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் பயிர். தாளின் ஓரத்தை விரலால் உருவினால் அறுக்கிறதே, அந்தச் சுணைக்குப் பின்னால் இருப்பதும் சிலிக்காதான். உமியை எரித்த சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் இந்த அராவும் தன்மையால்தான். ஆக, நடவு செய்யும் கை நாள் முழுவதும் ஈரமான உப்புத்தாளில் உரசிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இத்துடன் நீர் வேறு. வெகுநேரம் நீரில் ஊறிய விரல் நுனி சுருங்கிவிடுவதை அறிவீர்கள். தோல் நீரை உறிஞ்சி உப்புவதுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். நரம்பு அறுபட்ட விரல்கள் அவ்வாறு சுருங்குவதில்லை என்று மருத்துவர்கள் கண்ட பிறகு, இது நரம்பு மண்டலம் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நேர்வது என்று தெரிந்தது. சுருங்கிய தோலில் புதிய மடிப்புகள் விழுகின்றன. கருவியின் கண்ணுக்கு அவையும் கோடுகளே. குழப்பம் இரட்டிப்பாகிறது. வயது ஏற ஏறத் தோல் வறண்டு, மேடுகள் இயல்பாகவே தட்டையாவது இன்னொரு பக்கம். கொத்து வேலையில் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. காரப் பொருள் தோலை அரித்துவிடுகிறது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. ரேகையின் அச்சு தோலின் மேற்பரப்பில் இல்லை. தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே, மூன்றாம் மாதத்திலிருந்து, மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் இடத்தில் அது உருவாகிவிடுகிறது. மேல்தோல் தேய்ந்தாலும் கீழிருந்து புதிய செல்கள் அதே அச்சில் எழும்பி வருகின்றன. கைக்கு ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் பழைய ரேகை திரும்பிவிடும். அறுபது வயதிலும் அதே ரேகை! இந்த நிலைத்த தன்மைதான் மனிதனை அடையாளம் காண ரேகையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது.

அந்த எண்ணம் நடைமுறைக்கு வந்தது நம் நாட்டில்தான். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் தொடங்கியது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கிய ரேகை வகைப்பாட்டுக்குக் கணக்கு வழி கண்டவர்கள் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். பெயர் மட்டும் ஹென்றிக்கு!

தேர்ச்சி மதிப்பெண் 35

சரி, படம் கிடைத்துவிட்டது. அது அந்த அம்மாவின் ரேகைதானா என்பதைக் கருவி எப்படி முடிவு செய்கிறது?

ஆதார் எண் முதன்முதலில் 2010 செப்டம்பர் 29 அன்று மராட்டிய மாநிலத்தின் தெம்ப்லி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. பதிவின்போது பத்து விரல்களின் ரேகைகளையும் இரு கண்களின் கருவிழிப் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில் நியாய விலைக் கடைகளில் விரல் வைக்கும் முறை வந்தது. நீங்கள் விரல் வைத்ததும் அந்தப் படம் தொலைத்தொடர்பு வழியே மைய நிலையத்துக்குப் போய், முன்பு பதிந்த ரேகையுடன் ஒப்பிடப்படுகிறது.

முழுப் படத்தையும் படத்துடன் பொருத்துவதில்லை. ஒரு ரேகைக்கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற நுண்குறிகளின் இடத்தையும் திசையையும் மட்டும் ஒப்பிடுகிறார்கள். எத்தனை குறிகள் ஒத்துப்போகின்றனவோ அதற்கேற்ப ஒரு மதிப்பெண். அழுத்தம் மாறினால் தோல் இழுபடும்; ஆகவே ஒரே விரலை இருமுறை வைத்தாலும் நூற்றுக்கு நூறு வராது. எனவே 'இந்த அளவுக்கு மேல் இருந்தால் ஒப்புக்கொள்வோம்' என்று ஒரு வரம்பு கட்டுகிறார்கள்.

வரம்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்வில் 35 எடுத்தவன் தேர்ச்சி, 34 எடுத்தவன் தோல்வி. ஒரு மதிப்பெண்ணில் அறிவு எவ்வளவு கூடிவிட்டது? ஒன்றுமில்லை. எங்கேயாவது ஒரு கோடு கிழிக்க வேண்டும், கிழித்தார்கள். கருவியும் அப்படித்தான். 'நீ அந்த அம்மா அல்ல' என்று அது சொல்வதே இல்லை. 'மதிப்பெண் போதவில்லை' என்று மட்டுமே சொல்கிறது. அதை 'நீ அவரல்ல' என்று பொருள் கொள்வது மனிதர்களாகிய நாம்!

வரம்பை உயர்த்தினால் வேறொருவர் உங்கள் பெயரில் வாங்கிப் போவது குறையும். ஆனால் உண்மையான உறுப்பினர்கள் திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் இதற்கு நேர்மாறு. இரண்டு பிழைகளையும் ஒரே நேரத்தில் பூச்சியமாக்க வரம்பை நகர்த்துவதால் முடியாது. கருவியைச் செம்மைப்படுத்தி இரண்டையும் குறைக்கலாம், ஒழிக்க இயலாது. எந்தப் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதை இயற்பியல் சொல்லாது; விதி செய்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். இது என் கற்பனைக் கணக்கு. ஒரு கடையில் 800 அட்டைகள். நூற்றுக்கு 3 பேர் தவறாக மறுக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24 குடும்பங்கள். '97 விழுக்காடு வெற்றி' என்று அறிக்கையில் எழுதலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இந்த 24 குடும்பங்கள் மாதாமாதம் சீட்டுக் குலுக்கியதுபோல் மாறி மாறி வந்தால் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொல்லை. பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் அப்படி வருமா? தேய்ந்த விரல் அடுத்த மாதமும் தேய்ந்த விரல்தான். அதே 24 குடும்பங்கள் ஒவ்வொரு மாதமும் திரும்பும்.

'ஒரு விரல் இல்லாவிட்டால் இன்னொரு விரல்' என்பதிலும் இதே தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஒரு விரல் தவறும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், இரண்டு விரல்களும் தவறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பெருக்கிவிடத் தோன்றும். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் அந்தப் பெருக்கல் சரி. ஒரு நாணயம் விழுவதற்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த அம்மாவின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே சேற்றில், ஒரே நாளில் உழைத்தவை. ஒன்று தவறினால் மற்றதும் தவறவே வாய்ப்பு அதிகம். வேலைக்கு அதிகம் உதவாத மோதிர விரலையோ சுண்டு விரலையோ வைத்துப் பார்ப்பது இதைவிட அறிவுள்ள செயல். எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று பத்தையும் சோதித்துக் கண்டறியும் முறை ஆதார் ஏற்பாட்டிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. கடைகளில் கட்டைவிரலையே திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கதவு

விரலை விட்டுக் கண்ணுக்குப் போனால் என்ன? தமிழ்நாட்டில் பல கடைகளுக்குக் கருவிழிக் கருவி பின்னர் வந்தது அதற்காகத்தான். கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள தசைப் படலத்தின் நுண்ணிய இழையமைப்பை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கிறார்கள். நம் கறுத்த கண்களிலும் அந்த ஒளியில் இழைகள் தெளிவாகத் தெரியும். கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் 1990-களில் வகுத்த முறையில் அது 2048 இரும எண்களாக மாற்றப்படுகிறது. இரு வேறு மனிதர்களின் கண்களை ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி எண்கள் மாறுபடும், நாணயம் சுண்டியதுபோல! ஒரே கண்ணை இருமுறை எடுத்தால் மாறுபாடு அதைவிட வெகு குறைவு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக மாறுபட்டால் ஒரே கண் என்று கொள்கிறார்கள். ஆக, இங்கும் ஒரு 35 மதிப்பெண் உண்டு. சேறு கண்ணைத் தேய்ப்பதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் வெட்டவெளியில் படம் கெடும். முதியவர்களின் சரிந்த இமை மறைக்கும்.

மூன்றாவது வழி கைப்பேசி. பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் போதும். அந்த அம்மாவுக்கு இறுதியில் உதவியது இதுதான், அதுவும் மூன்றாம் நாள். ஏன் மூன்று நாள்? பதிவு செய்திருந்தது மகனின் எண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு முறை. கடை திறந்திருக்கும் நேரத்தில் அவன் உறக்கத்தில் இருக்கிறான். நம் முப்பட்டகத்தால் இதற்கு என்ன செய்ய முடியும்?

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் அளித்த தீர்ப்பில், ரேகை ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தால் தகுதியுள்ளவருக்கு உரியது மறுக்கப்படலாகாது என்று வலியுறுத்தியது. நேரில் வர இயலாத முதியவருக்காக வேறொருவர் வாங்கிவரச் சான்று அளிக்கும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் உண்டு. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இந்த விதிகள் கருணையால் மட்டும் வந்தவை அல்ல. அளவிடும் எந்தக் கருவிக்கும் பிழை உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், இரண்டாவது கதவு அந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே இருந்தாக வேண்டும். சோதனைச்சாலையில் திருகுஅளவியின் சுழிப்பிழையைக் கழிக்காமல் நீங்கள் அளவைக் குறித்தால் நான் ஏற்றுக்கொள்வேனா?

விதி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தவை, ஊர்ச் சபை வாரியங்களுக்கு யார் உறுப்பினராகலாம் என்று சொல்கின்றன. வயது, நிலம், சொந்த மனை என்று தகுதிகள் நீள்கின்றன. இன்றைய கண்ணுக்குப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தும் தகுதிகள் அவை. அதை மறைக்க வேண்டாம். எனக்கு வியப்பளிப்பது வேறு. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அதை வாங்கிப் படிப்பவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கை தெரிய வாங்க வேண்டும்! சோதிக்கப்படுபவருக்கு மட்டுமன்று, சோதிப்பவரின் கைக்கும் விதி இருந்திருக்கிறது. நம் கடையில் கருவி 'இல்லை' என்றபோது அது ஏன் இல்லை, அடுத்த வழி என்ன என்று சொல்லும் பலகை எதையும் நான் காணவில்லை. நீங்கள் போகும் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வரிசையில் உங்களுக்கு முன்னால் இருப்பவர் விரலைத் துடைத்துத் துடைத்துச் சலிக்கும்போது, மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கண் கருவி இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் மரியாதையாகக் கேட்கலாம்.

அந்த அம்மாவை மார்கழிக் கடைசியில் அதே கடையில் மறுபடியும் பார்த்தேன். நடவும் களையெடுப்பும் முடிந்து கைக்குச் சில வாரங்கள் ஓய்வு. அறுவடை இன்னும் தொடங்கவில்லை. கட்டைவிரலை வைத்தார். முதல் முறையிலேயே கருவி ஏற்றுக்கொண்டது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இதுவும் அதே வெரலுதானுங்களே?" என்றார்.